மேற்குப் பார்த்த பால்கனியும் நாலாயிரம் ரூபாயும்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம், ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பத்தடி நீளம், நாலடி அகலத்தில் மேற்குப் பார்த்த பால்கனி ஒன்று உண்டு. குடிவந்து மூன்று வருஷம், துணி காயப்போட மட்டும்தான் அந்தக் கதவைத் திறந்தோம். துரு ஏறிய ஏர் கூலர், சக்கரம் இல்லாத குழந்தை சைக்கிள், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன பெயிண்ட் டப்பாக்கள், ஓர் ஓரத்தில் மேடு தட்டிய புறா எச்சம். போன வருஷம் அதைச் சரிசெய்தேன். மொத்தச் செலவு நாலாயிரத்தைத் தாண்டவில்லை. அதில் முதல் எண்ணூறு ரூபாய் தண்டம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூத்துக் குலுங்கிய பன்னிரண்டு செடிகளை வாங்கிவந்து கம்பி ஓரமாக அடுக்கினேன். சாயங்காலம் போட்டோ எல்லாம் எடுத்தோம். பத்தாம் நாள் ஒன்பது செடி கருகிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றாமல் இல்லை, இரண்டு வேளையும் ஊற்றினேன். மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை சுவரையும் தரையையும் தொட முடியாத இடத்தில், பசுமைக்குடில் நிழலில் வளர்ந்த செடியைக் கொண்டுபோய் நிறுத்தினால் வேறென்ன ஆகும்? செடி வாங்குவது இந்த வேலையின் கடைசிக் கட்டம். நான் அதை முதலில் செய்தேன். நிறையப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

மனுஷன் அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியாத இடத்தில் செடியும் நிற்காது. அதனால் முதலில் நிழல், அப்புறம் இருக்கை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

முதல் வாரம் ஒரு ஸ்டூல் போதும்

எதையும் வாங்காதீர்கள். ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு, ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் பத்துப் பத்து நிமிஷம் உட்காருங்கள். காலை ஏழு, பதினொன்று, மதியம் மூன்று, மாலை ஆறு. வெயில் எதுவரை உள்ளே வருகிறதோ அங்கே சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, தெருத் தூசி எவ்வளவு படிகிறது, எதிர்வீட்டு ஜன்னல் நேராகத் தெரிகிறதா, இதையெல்லாம் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

திசையைப் பொறுத்து கணக்கு மாறும். கிழக்குப் பார்த்த பால்கனி அதிர்ஷ்டம், காலை வெயில் மட்டும் வந்துவிட்டுப் போகும். தெற்குப் பார்த்ததில் மார்கழி, தை மாதங்களில் நாள் முழுக்க இதமான வெயில் இருக்கும். வடக்குப் பார்த்ததில் வெயிலே வராது என்று சொல்வார்கள், நம் ஊருக்கு அது முழு உண்மை இல்லை. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 12 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. ஏப்ரல் 20-ஐத் தாண்டியதும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகவே ஜனவரியில் குளுகுளுவென்று இருக்கும் வடக்குப் பால்கனியில் ஜூன் மாதம் வெயில் எட்டிப் பார்க்கும். நிழல்செடிகளை அங்கே வைத்தவர்கள் திடீரென்று இலை வெளுத்துப்போச்சே என்று குழம்புவது இதனால்தான்.

மேற்குப் பால்கனிதான் கஷ்டம். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கும் வசதியும் அதற்குத்தான்.

இந்த வாரத்திலேயே வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் ஓனரம்மா போனிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார்: "என்ன வேணா பண்ணிக்கோப்பா, சுவத்துல ஓட்டை மட்டும் போடாத. நீ காலி பண்ணிட்டுப் போயிடுவ, அப்புறம் நான்தான் பாக்கணும்." அதனால் இந்தக் கட்டுரையில் ட்ரில் மெஷினுக்கு வேலையே இல்லை. எல்லாம் கட்டுவதும் மாட்டுவதும் சாய்ப்பதும்தான். காலி செய்யும்போது அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

காலி செய்தல், கழுவுதல்

பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். கூலர் கூடும் சைக்கிளும் போட்டு எனக்கு 640 ரூபாய் வந்தது. வரவில் தொடங்கிய வேலை என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். என்றைக்காவது உதவும் என்று தோன்றும் பொருள்களை ஒரு சாக்கில் கட்டிக் கதவருகே வைத்து, இரண்டு வாரத்தில் அதைத் தேடவில்லை என்றால் அதையும் அனுப்பிவிடுங்கள். காலிப் பெயிண்ட் பக்கெட்டுகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே போகவேண்டாம். மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, தகட்டால் வழித்து, கவரில் கட்டிப் போடுங்கள். கூட்டில் முட்டை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பொரிய பதினெட்டு நாள் அளவு ஆகும், குஞ்சு பறக்க இன்னும் நாலைந்து வாரம். பறந்ததும் அந்த மூலையில் ஓர் உடைந்த டைல்ஸைச் சாய்வாக நிறுத்திவிட்டால் மறுபடி கூடு கட்ட இடம் இருக்காது.

பாசி பிடித்த தரைக்கு ப்ளீச்சிங் பவுடர் போதும். கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேயுங்கள். கறை போகவில்லை என்று அதன்மேலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும், மூடிய இடத்தில் ஆளையே சாய்த்துவிடும்.

கழுவி முடித்ததும் ஒரு பக்கெட் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்துப் பாருங்கள். நேராக ஓட்டைக்குப் போய் வடிந்தால் சரி. எங்காவது தேங்கினால் அந்த இடத்தில் நாளைக்குத் தொட்டியும் வேண்டாம், இருக்கையும் வேண்டாம். வடிகுழாய் வாயில் பழைய எவர்சில்வர் வடிகட்டி ஒன்றைக் கவிழ்த்துவைத்தால் இலையும் மண்ணும் அடைக்காது.

பெயிண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிப்புறச் சுவருக்கான எமல்ஷன் ஒரு லிட்டர், ஒரு ரோலர், ஒரு காலைப் பொழுது. சுவர் உப்பி உதிர்கிறது என்றால் தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே பூசுவது காசைக் கரைப்பதுதான். மேற்குப் பால்கனிக்குப் பளிச் வெள்ளை வேண்டாம், மாலையில் கண் கூசும். நான் மோர் நிறத்தில் அடித்தேன்.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் முப்பது, முப்பத்தைந்து கிலோ வரும். அப்படிப் பத்துப் பக்கெட் என்றால் முந்நூறு கிலோவுக்கு மேல். இந்தியத் தரக் குறியீட்டின்படி வீட்டுப் பால்கனியைச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும். காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வீடுகளில் மேஸ்திரி கண்ணளவில் இழுத்துவிட்ட பால்கனிகள் உண்டு, சன்ஷேடையே அகலப்படுத்திக் கைப்பிடி வைத்தவையும் உண்டு. அடிப்பக்கத்தில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, பால்கனி சுவரைச் சந்திக்கும் இடத்தில் நீளமாக விரிசல் இருந்தாலோ, அலங்காரத்தை நிறுத்திவிட்டு இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

கனம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பால்கனி சுவரிலிருந்து நீட்டிய கை மாதிரி. தோளருகே மாட்டிய பையைச் சுமக்கலாம், விரல் நுனியில் மாட்டினால் கை நடுங்கும். ஆனால் நாம் எல்லாத் தொட்டியையும் கம்பி ஓரத்தில்தான் வரிசைகட்டி வைப்போம். கனமானவற்றைச் சுவர் ஓரத்திலும் இரண்டு மூலைகளிலும் வையுங்கள். கம்பி ஓரத்தில் சின்னச் சின்ன டப்பாக்கள் போதும், அதுவும் கம்பிக்கு உள்பக்கமாக. வெளிப்பக்கம் தொங்கவிட்ட தொட்டி கீழே போகிறவர் தலையில் விழ ஒரு காற்று போதும்.

கனத்தைக் குறைக்க நம் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் தென்னை அதிகம், நார் பிரிக்கும் ஆலைகளும் உண்டு. நார்க்கழிவு மூட்டையாகக் கிடைக்கும். கட்டியாக அழுத்தி விற்பதும் உண்டு, ஐந்து கிலோ கட்டி ஊறினால் எழுபது லிட்டர் அளவுக்கு வரும். அதை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி நுனி கருகும். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் மண்ணைவிட நன்றாகவே கனம் குறையும், ஈரமும் நிற்கும்.

நிழல்

இருந்த காசில் நான் உருப்படியாகச் செய்த செலவு இதுதான். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் பூவும் குடைமிளகாயும் குடிலில் வளர்க்கிறார்கள். அதனால் நிழல்வலை நம் ஊர் விவசாயப் பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பெங்களூருவில் இருந்து ஆர்டர் போட வேண்டியதில்லை. கடையில் ஐம்பது, எழுபத்தைந்து என்று கேட்பார்கள், எத்தனை சதவீத வெயிலைத் தடுக்கும் என்பதுதான் அந்த எண். செடிக்கு ஐம்பது போதும். மேற்கு வெயிலில் ஆள் உட்கார எழுபத்தைந்து வேண்டும். நான் ஐம்பதில் முழு நீளத்துக்கும் வலை போட்டு, உட்காரும் பக்கம் மட்டும் சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி ஒன்று கட்டினேன். பச்சை வலைக்குள் எல்லாம் பச்சையாகத் தெரியும், முகம்கூட. பிடிக்காதவர்கள் வெள்ளையோ கறுப்போ கேட்டு வாங்கலாம்.

கட்டுவதில் முதல் தடவை ஏமாந்தேன். நாலு மூலையையும் கட்டுக்கம்பியால் இழுத்து, வீணைத் தந்தி மாதிரி விறைப்பாகக் கட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆனி மாதத்திலேயே என் வலை பறந்தது. காற்றை மொத்தமாக வாங்கிப் பாய்மரம் போல் உப்பி, இரண்டு மூலை கிழிந்து, போகிற போக்கில் மழைநீர்க் குழாயின் கிளாம்ப்பையும் பிடுங்கிக்கொண்டது.

இரண்டாம் தடவை செய்தது இப்படி. வலையின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நாலு விரல் அகலம் மடித்து, கோணி ஊசியும் நைலான் நூலும் கொண்டு நெருக்கமாகத் தைத்தேன். பாவாடைக்கு நாடா கோக்கும் மடிப்பு மாதிரி. அதற்குள் பத்தடி மூங்கில் ஒன்றை மேலேயும், ஒன்றைக் கீழேயும் நுழைத்தேன். மேல் மூங்கிலை, துணிக்கொடி கட்ட ஏற்கெனவே இருந்த கொக்கிகளில் தேங்காய் நார்க் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டினேன். கீழ் மூங்கிலைக் கம்பியோடு பிணைக்கத்தான் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. பஞ்சர் கடையில் கிழிந்த சைக்கிள் ட்யூப் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதை ஒரு விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டி, அந்த ரப்பரால் கட்டுங்கள். காற்று அடித்தால் வலை ஒரு சாண் வெளியே போய், விட்டதும் திரும்பிவரும். போன ஆடி முழுக்கத் தாங்கியது. ரப்பர் வெயிலில் வெடிக்கும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அரை மணி நேர வேலைதான்.

பெரிய காற்றோடு மழை வரும் என்று தெரிந்தால் கீழ்க்கட்டை அவிழ்த்து, பாயைச் சுருட்டுவது போல் மூங்கிலோடு மேலே சுருட்டிக் கட்டிவிடலாம்.

உட்கார ஓர் இடம்

கடைக்கு ஓடுவதற்கு முன் கைப்பிடியைப் பாருங்கள். கம்பி என்றால் தாழ்வான இருக்கை நல்லது, தரையில் பாய் விரித்து உட்கார்ந்தாலும் இடைவெளி வழியே தெரு தெரியும். மூன்றடிக்குச் சுவராக எழுப்பியிருந்தால் தரையில் உட்கார்ந்தவருக்குச் சிமெண்ட்தான் காட்சி. உட்கார்ந்த நிலையில் நம் கண் இருக்கையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். ஒன்றரை அடி இருக்கை போட்டால் கண் நாலடிக்கு வந்து, சுவரைத் தாண்டி மலை தெரியும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், எந்த உயரமாக இருந்தாலும் இருக்கையைக் கைப்பிடி ஓரம் போடவே கூடாது. ஏறி நின்று எட்டிப் பார்ப்பார்கள். வீட்டுச் சுவரை ஒட்டித்தான் போட வேண்டும்.

ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்போன ஊர், பிளாஸ்டிக் கிரேட்டுக்குப் பஞ்சமில்லை. விளிம்பு உடைந்ததால் வண்டியில் அடுக்க முடியாத கிரேட்டுகளைப் பாதி விலைக்கும் குறைவாகத் தருவார்கள். நாலு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பழைய கதவுப் பலகை. ஓனரம்மா வீட்டு மொட்டைமாடியில் மழையில் நனைந்து கிடந்த பலகை அது, கேட்டதும் கொடுத்துவிட்டார். பலகை ஆடாமல் இருக்க, கிரேட்டின் ஓட்டைகளில் நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் கட்டினேன். வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் இந்த வேலையே தேவையில்லை, அதைவிட நல்ல பால்கனி இருக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி.

மெத்தைக்கு இலவம்பஞ்சு வேண்டாம், ஒரு சாரலுக்குக் கட்டி கட்டியாகிவிடும். பழைய போர்வைகளை மடித்து, பருத்திப் புடவையில் உறை தைத்தால் நனைந்தாலும் பிரித்துக் காயவைக்கலாம். திண்டு உறைக்கு மட்டும் பர்கூருக்குப் போனோம். ஜவுளிக் கடைகள் வரிசையாக இருக்கும் ஊர், துண்டுத் துணி மலிவு. அடர்ந்த நிறம் எடுக்காதீர்கள். நான் எடுத்த கருநீலம் இரண்டே மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, இப்போது சாம்பலும் நீலமுமாக இருக்கிறது.

டீ வைக்க ஒரு மேசை வேண்டும் அல்லவா? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அதற்கு ஆன்லைனில் தேடுவது பாவம். கிரானைட் கட்டிங் பட்டறைகளில் சமையல்மேடைக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் சுவர் ஓரம் சாய்ந்து கிடக்கும். இரண்டடிக்கு ஓரடி துண்டு ஒன்றை எடுத்து, முனைகளை மட்டும் மழுக்கித் தரச் சொன்னேன். 150 ரூபாய். முக்கால் அங்குலத் தடிமனில் அது பத்துக் கிலோ இருக்கும், அதற்கு மேல் பெரிதாக எடுக்காதீர்கள். கீழே ஒரு கிரேட்டை நிமிர்த்தி வைத்து அதன்மேல் இந்தக் கல். கரையான் இல்லை, துரு இல்லை, காற்றில் பறக்காது. கறுப்புக் கல் மட்டும் மேற்கு வெயிலில் தோசைக்கல்லாகிவிடும், வெளிர் நிறம் கேளுங்கள்.

பாய், கூடை, மண்சட்டி, கயிறு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சீக்கிரம் போய்விடுங்கள். கோரைப்பாய் அழகுதான், ஆனால் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். வெளியிலேயே கிடக்கப்போகிறது என்றால் பிளாஸ்டிக் பாய், மாலையில் மட்டும் விரிப்பது என்றால் கோரை.

இப்போது செடி

இந்த முறை காசு கொடுத்து வாங்கியது நாலே செடி. மற்றதெல்லாம் கேட்டு வாங்கிய குச்சியும் கொடியும். கற்பூரவல்லி, மணி பிளாண்ட், டேபிள் ரோஸ், வெற்றிலை, இவற்றைக் காசு கொடுத்து வாங்குவது அவசியமே இல்லை. தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும், ஒரு கிளை கேட்டால் மறுக்கமாட்டார்கள். புதினாவைச் சமையலுக்கு வாங்கும் கட்டிலிருந்தே தடித்த தண்டாகப் பார்த்து நட்டால் வந்துவிடும். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஜீனூர், திம்மாபுரம் அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் என்ன நாற்று இருக்கிறது என்று விசாரித்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

மேற்கு வெயிலுக்கு நிற்பவை: காகிதப்பூ, டேபிள் ரோஸ், சோற்றுக் கற்றாழை, இட்லிப் பூ. இவற்றை வலை ஓரத்தில் வையுங்கள். வலைக்கு உள்ளே, சுவர் பக்கம்: துளசி, கற்பூரவல்லி, புதினா. வெயிலே படாத மூலைக்கு மணி பிளாண்டும் பாம்புக் கற்றாழையும். ஓசூர் ரோஜாவைப் பார்த்ததும் ஆசை வரும். ஓசூர் நம்மைவிடக் குளிர்ந்த ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கார்த்திகைக்குப் பிறகு வாங்குங்கள், சித்திரைக்குள் வேர் பிடித்துவிடும். அரளி நன்றாகத்தான் பூக்கும், ஆனால் இலை முதல் வேர் வரை விஷம், குழந்தை உள்ள வீட்டில் எட்டும் உயரத்தில் வேண்டாம். மலையடித் தெருக்களில் குடியிருப்பவர்கள் தக்காளி, கொய்யா பக்கம் போகவே வேண்டாம், குரங்குக்கு அழைப்பிதழ் அது.

காலிப் பெயிண்ட் பக்கெட்டை வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, அதற்கு இப்போது வேலை. நன்றாகச் சுரண்டிக் கழுவி, பாதி உயரத்தில் அறுத்துவிடுங்கள், பால்கனிச் செடிக்கு அந்த ஆழம் தாராளம், கனமும் பாதி. அடியில் நாலைந்து ஓட்டையைச் சூடுகாட்டிய கம்பியால் போட்டு, ஓட்டைமேல் உடைந்த ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து, அதன்மேல் மண்கலவை. வாங்கிவந்த செடியை நேராக வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் சுவர் ஓரம், அடுத்த வாரம் நடுவில், மூன்றாம் வாரம் வலை ஓரம் என்று நகர்த்துங்கள். என் எண்ணூறு ரூபாய்ப் பாடம் இதுதான்.

தண்ணீர் விஷயத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. போர்வெல் தண்ணீர் உப்பு, கூடவே பல இடங்களில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃபுளோரைடுக்காகத்தான் வந்தது. மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் அது போர்வெல் உப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அடி ஓட்டை வழியே நன்றாக வடியும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் உப்பு கழுவிப் போகும். ஸ்பைடர் பிளாண்ட் என்று ஒன்று விற்கிறார்களே, வெள்ளைக் கோடு போட்ட புல் மாதிரி, அது ஃபுளோரைடுக்கு ரொம்பவே சுணங்கும் செடி. நுனியெல்லாம் பழுப்பாகக் காய்ந்தால் உரம் போடாதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள். ஒகேனக்கல் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஊற்றினால் புது இலை சுத்தமாக வரும். அரிசி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டும் ஊற்றலாம். ஆர்ஓ மெஷினில் கழிந்து வரும் தண்ணீர் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தே ஆகவேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கீழ்வீட்டு அக்கா. ஒரு நாள் படியேறி வந்து, "தம்பி, மேலருந்து செம்மண் தண்ணி சொட்டுது பாரு. கூழ் வத்தல் ஊத்திவெச்சிருக்கேன்" என்றார். போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் வரிசையாக ஊற்றிய வத்தலில் ஒரு மூலை முழுக்கச் சிவப்புப் புள்ளி. அன்றைக்கே தட்டு வாங்கினேன், அந்த வத்தலுக்கு ஈடாக ஒரு கிலோ பச்சரிசியும். தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தட்டில் மணல் பரப்பிவிடுங்கள், அல்லது வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு கவிழ்த்துவிடுங்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை, வீடு கழுவும் நாள்.

விளக்கு

சீரியல் லைட் ஒரு செட் போதும். மஞ்சள் வெளிச்சம் கேட்டு வாங்குங்கள், கலர் மாறி மாறி மின்னுவது கல்யாண வீட்டுக்குத்தான். மேல் மூங்கிலைச் சுற்றி ஓடவிட்டால் தனி ஆணி வேண்டாம். பிளக் வீட்டுக்குள் இருக்கட்டும், ஒயர் ஒட்டு எதுவும் மழை படும் இடத்தில் வரக்கூடாது, வீட்டு மெயின் போர்டில் ஷாக் அடித்தால் தானே விழும் பிரேக்கர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். டியூப்லைட் போட்டால் பூச்சியும் கூடவே வரும், எதிர்வீட்டாரும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போகிறோம் என்றால் எல்லாத் தொட்டியையும் சுவர் ஓர நிழலில் நெருக்கமாகச் சேர்த்துவைத்து, நடுவில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கிரேட்டின்மேல் உயரமாக வையுங்கள். பழைய பருத்தி வேட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு முனையைப் பக்கெட்டின் அடிவரை விட்டு, மறு முனையைத் தொட்டி மண்ணுக்குள் நாலு விரல் ஆழம் புதைத்துவிட்டால் துணி தானே தண்ணீரை இழுத்துக் கொடுக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செய்துபாருங்கள், துணி அகலமாக இருந்தால் பக்கெட் ஒரே ராத்திரியில் காலியாகிவிடும். நாலு நாளுக்கு இது போதும். அதற்கு மேல் என்றால் கீழ்வீட்டு அக்காவிடம்தான் சாவியைக் கொடுக்கிறோம். திரும்பி வரும்போது காவேரிப்பட்டணத்தில் இறங்கி, தட்டை மாதிரி இருக்கும் நிப்பட் ஒரு பாக்கெட் வாங்கிவருவோம். அதை அவர் எங்கள் பால்கனியில் உட்கார்ந்துதான் பிரிக்கிறார்.